வெயிலுக்கும் மழைக்கும் ஒரே தொப்பி

தொப்பி வாங்கும்போது முதலில் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நீண்டிருக்கும் தொப்பி முகத்தைக் காக்கும், ஆனால் காது மடலும் பிடரியும் வெந்துபோகும். என் காது மடல் தோல் உரிந்த பிறகுதான் நான் அகல விளிம்புக்கு மாறினேன்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். யுபிஎஃப் 50 என்ற குறி (துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு) இருந்தால் நல்லது. புற ஊதாக் கதிரில் 98 சதவீதத்தைத் தடுக்கும். பருத்தி தலைக்கு இதம்தான். ஆனால் மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும், காயவும் நேரமாகும். எல்லாப் பருவத்துக்கும் ஒன்று என்றால் நைலான்தான் சரி. விளிம்பின் அடிப்பக்கம் கருநிறமாக இருந்தால் கண்கூச்சம் குறையும்.

அப்புறம், தாடைக் கயிறு. அது இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். அளவெடுக்க, காதுக்குச் சற்று மேலே நெற்றியைச் சுற்றி டேப் வையுங்கள். போட்ட பிறகு ஒரு விரல் நுழையும் தளர்வு போதும். கடும் குளிருக்கு மட்டும் காதை மூடும் கம்பளிக் குல்லாய் தனியாக வேண்டும்.