மதுரையில் கண்ணாடி துடைக்கும் தொழில்: கருவி வாங்குவதிலிருந்து முதல் பத்துக் கடை வரை

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டு ஜன்னல்களைத்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். மதுரையில் அது கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பார். ரோட்டோரக் கடைக்காரர் நிலைமை வேறு. பஸ் கிளப்பும் புழுதி, கதவைத் தள்ளுகிறவர்களின் கைரேகை, மழை பெய்தால் சேற்றுத் தெறிப்பு என்று நாலே நாளில் கண்ணாடி மங்கிவிடும். அதனால் முதல் இலக்கு, ஒரே தெருவில் பத்துக் கடை, வாரம் ஒரு நாள். வீடும் புதுக்கட்டடமும் அதன் மேல் வருகிற வரவு.

1. வாங்க வேண்டியவை

ஸ்குவீஜி, அதாவது கண்ணாடியில் இருக்கிற தண்ணீரை வழித்து இழுக்கும் ரப்பர் வைத்த கருவி, 14 இஞ்சில் ஒன்று, 6 இஞ்சில் ஒன்று. ஹார்டுவேர் கடையில் கண்ணாடி வைப்பர் என்று கேட்டால் தரை தள்ளுகிற கட்டை ரப்பரை எடுத்துக் கொடுப்பார்கள், அது ஆகாது. ரப்பரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய, ஸ்டீல் அல்லது பித்தளைப் பட்டை வைத்ததாகப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங் சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். உதிரி ரப்பர் இரண்டு சேர்த்து வாங்குங்கள்.

நனைக்க, 14 இஞ்ச் டி வடிவப் பிடியும் மைக்ரோஃபைபர் உறையும். பக்கெட் செவ்வகமாக இருக்கட்டும். 14 இஞ்ச் உறை சாதாரண வட்ட வாளிக்குள் படுக்காது, பாதி நனையும், பாதி காய்ந்தே கிடக்கும். இவற்றோடு 4 இஞ்ச் கண்ணாடிச் சுரண்டி, அதற்கு பிளேடு, மைக்ரோஃபைபர் துணி 6, ஸ்ப்ரே பாட்டில் 2, ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ். ஓரம் துடைக்கப் பலமுறை துவைத்த பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். நூல் உதிராது, ஈரத்தை நன்றாக இழுக்கும். விலை கொடுத்து வாங்கிய துணியில் பாதி இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

இரண்டு மடிப்பாக நீளும் 12 அடிக் கம்பு ஒன்று. ஃபைபர் கிளாஸ் கிடைத்தால் அதுவே நல்லது. ஏன் என்பது பின்னால் வரும். ஏணி இப்போது வேண்டாம். மொத்தமும் சுமார் ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கும், ஒரு டூ வீலரில் ஏறிவிடும். இதற்குக் கடன் வாங்காதீர்கள்.

2. தண்ணீர்தான் பாதி வேலை

மதுரையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் ஆவியானதும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதுதான் காய்ந்த பிறகு தெரிகிற வெள்ளைப் புள்ளி. ஸ்குவீஜி தண்ணீரை முழுதாக இழுத்துவிட்டால் புள்ளி விழாது. ஓரத்திலும் மூலையிலும் தேங்குகிற சொட்டுதான் வினை. கழுவ எந்தத் தண்ணீரும் ஓடும். கடைசியாக நனைத்து இழுக்க மட்டும் ஐந்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேனில் கொண்டுபோங்கள்.

சோப்பு விஷயத்தில் கைக்கணக்கு வேண்டாம். 5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன். உப்புத் தண்ணீரில் நுரை வராததால் ஆட்கள் இன்னும் ஊற்றுவார்கள். அந்த அதிகப்படி லிக்விட்தான் காய்ந்ததும் எண்ணெய்ப் படலம் மாதிரிக் கோடு கோடாக நிற்கும். நுரை பார்க்க அழகாக இருக்க வேண்டியதில்லை, ரப்பர் வழுக்கினால் போதும். சோப்புக் கட்டியைக் கரைத்து ஊற்றுவது இன்னும் மோசம், உப்புத் தண்ணீரோடு சேர்ந்து பிசுக்காகத் திரியும்.

3. ஒரு கண்ணாடியை எப்படித் துடைப்பது

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் ஓரத்தூசியைத் தட்டுங்கள். இதை விட்டால் மண் தண்ணீரில் கரைந்து சட்டம் முழுக்க வழியும். பிறகு உறையை நனைத்துக் கண்ணாடி முழுக்கத் தேயுங்கள். மேல் விளிம்பில் ஒரு இஞ்ச் அகலத்துக்குத் துணியால் காயவையுங்கள். ஸ்குவீஜியைக் காய்ந்த இடத்தில் வைத்துத் தொடங்கினால்தான் ரப்பர் தாவாது.

மேலிருந்து கீழே, ஒரே அழுத்தத்தில், நடுவில் நிற்காமல் இழுங்கள். அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் இரண்டு இஞ்ச் ஏறி வரட்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துணியில் துடைக்க வேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் புது ஆள் விடுகிற கோடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத் தவிர்ப்பதால் வருகிறவை. கடைசியில் நான்கு ஓரத்தையும் வேட்டித் துணியை விரலில் சுற்றி ஒரு தடவை ஓட்டுங்கள். நடுக் கண்ணாடியைத் திரும்பத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு இழுப்பிலும் அதே இடத்தில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு விழுகிறதா? ரப்பர் முனையில் வெட்டு இருக்கிறது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். ரப்பரைத் திருப்பிப் போடுங்கள், இரு முனையும் போனால் மாற்றுங்கள். ரப்பர், அதைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டையைவிட இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். உள்ளே இருந்தால் உலோக முனை சட்டத்தில் உரசும், ஓரத்தில் ஈரமும் தங்கும்.

வெயில் அடிக்கிற கண்ணாடியில் கை வைக்காதீர்கள். இழுப்பதற்குள் காய்ந்துவிடும், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் கூடும். கிழக்குப் பார்த்த கடைக்கு மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்த கடைக்குக் காலை.

பொறிப்புக் கண்ணாடியில், அதாவது பூப்போட்டது, புள்ளி வைத்தது எல்லாவற்றிலும், சொரசொரப்பான பக்கம் ஸ்குவீஜி ஓடாது. பிரஷ், தண்ணீர், துணி. பாத்ரூம் லூவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, வரிசை மாறாமல் வைத்துக் கழுவுங்கள். ஓரம் கையை அறுக்கும், கையுறை கட்டாயம்.

4. கறை பிடித்த கண்ணாடி

பழைய உப்புக் கறைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து ஸ்ப்ரே பண்ணி, பத்து நிமிடம் காயாமல் வைத்து, கீறாத நைலான் ஸ்கிரப்பால் தேய்த்துக் கழுவுங்கள். கீழே பளிங்கோ கடப்பாக் கல்லோ இருந்தால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது, பாலிஷ் வெளுத்துவிடும். பாத்ரூம் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அலுமினியச் சட்டம் அதோடு காலி.

உள்ளங்கை அளவு இடத்தில் இரண்டு தடவை முயன்றும் கறை அசையவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதைத் துணியும் ஸ்கிரப்பும் சரிசெய்யாது. விலை பேசும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெயின்ட், சிமென்ட் தெறிப்புக்குச் சுரண்டி. கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், பிளேடு புதிதாக இருக்க வேண்டும், முன்னோக்கி மட்டுமே தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டிய மணல் நீளக் கீறலாக இழுபடும். சன் ஃபிலிம் ஒட்டியதிலும், எதிரொளிப்புப் பூச்சு இருக்கிற பக்கத்திலும் சுரண்டி கூடவே கூடாது. டஃபன்டு, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியில் தயாரிப்பின்போதே ஒட்டிய நுண்துகள் இருக்கலாம், பிளேடு அதை இழுத்துக் கீறும். மூலையில் டஃபன்டு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

புதுக்கட்டடத்தில் கை வைக்கும் முன் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். ஏற்கனவே இருக்கிற கீறல் தெரியும். போட்டோ எடுத்து, அந்த நிமிடமே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். துடைத்து முடித்துச் சுத்தமானதும்தான் கீறல் அவர் கண்ணில் படும், பழி உங்கள் தலையில் விழும்.

5. உயரம்

நம்மூர் வீட்டு ஜன்னலில் கதவு வெளியே திறக்கும், கம்பி உள்ளே இருக்கும். மாடி ஜன்னலின் வெளிப்பக்கம் உள்ளே நின்றால் எட்டாது. உடனே சன்ஷேடில் இறங்கி நிற்கத் தோன்றும். இறங்காதீர்கள். அது ஆள் நிற்கக் கட்டியதில்லை, ஈரமானால் வழுக்கும். கதவை மூடச் சொல்லிவிட்டுத் தரையில் நின்று கம்பால் துடையுங்கள். முதல் மாடிவரை எட்டும். அதற்கு மேல் கயிற்றில் தொங்கும் வேலை, அதற்குப் பயிற்சியும் தனிக் கருவியும் வேண்டும். வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

மாசி வீதிகளுக்கு உட்பட்ட சந்துகளில் மின்கம்பி பால்கனியை ஒட்டியே போகும். அலுமினியக் கம்பை அங்கே நீட்டக் கூடாது என்பதற்காகத்தான் ஃபைபர் கிளாஸ் சொன்னது. ஆனால் நனைந்த கம்பு எதுவானாலும் ஆபத்து. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள்.

வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். 18 முதல் 70 வயதுவரை, வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

6. விலை

சதுர அடிக் கணக்கு இங்கே எடுபடாது. நேரத்தில் கணக்குப் போட்டு, கதவு எண்ணிக்கையில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஆறு மணி நேர வேலைக்கு 900 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 150. எட்டு ஜன்னல், பதினாறு கதவு உள்ள வீட்டில் கதவுக்கு ஆறு நிமிடம், அதற்கு மேல் ஸ்லைடிங் டிராக்கும் கொசு வலையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். 450, பெட்ரோலுக்கும் பொருளுக்கும் நூறு, ஆக 550. பல வருடம் துடைக்காத வீடானால் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், பார்க்காமல் போனில் விலை சொல்லாதீர்கள். இரண்டு கதவுக் கடை முகப்பு இருபக்கமும் பழகிய கைக்கு இருபது நிமிடம். தடவைக்கு நூறு, மாதமாகப் பேசினால் 350 என்று தொடங்கலாம்.

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் முடியும், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. எண் இல்லாமல் பில்லில் வரி போடக் கூடாது.

7. முதல் பத்துக் கடை

அண்ணா நகர் 80 அடி ரோடு, பைபாஸ் ரோடு, காளவாசல், தல்லாகுளம் என்று உங்கள் வீட்டுக்குப் பக்கமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும். மொபைல் கடை, பேக்கரி, மூக்குக் கண்ணாடிக் கடை, நகைக்கடை, கிளினிக் எனக் கண்ணாடி முகப்பு வைத்ததை எண்ணி நோட்டில் எழுதுங்கள். நாற்பது இருந்தால் பத்து தேறும்.

நேரம் முக்கியம். காலையில் போணி ஆவதற்கு முன் போய் நின்றால் நல்ல வேலையும் கெட்டுப்போகும். பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள், இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல். மாலைக் கூட்ட நேரம் வேண்டாம். பேச்சு இவ்வளவு போதும்:

“அண்ணே, கடைக் கண்ணாடி தொடைக்கிற வேலை பாக்குறோம். கதவுல பாதிய மட்டும் காசு இல்லாமத் தொடச்சுக் காட்டுறேன். பிடிச்சிருந்தா வாரத்துக்கு ஒருக்கா வர்றோம்.”

பாதிதான். முழுதும் துடைத்துக் கொடுத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். துடைத்த பாதியும் துடைக்காத பாதியும் அருகருகே நின்றால் வருகிற வாடிக்கையாளரே கேட்பார், முதலாளிக்கு உறுத்தும். மறுநாள் மாலை வாருங்கள் என்பார், சொன்ன நேரத்துக்குப் போங்கள்.

கதவில் சந்தனம், குங்குமப் பொட்டு, திருஷ்டிக்கு வைத்தது எதுவும் இருந்தால் கேட்காமல் துடைக்காதீர்கள். அதை அழித்துவிட்டால் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கடை போச்சு. இதுவரை துடைத்துக்கொண்டிருந்த கடைப் பையனைக் குறை சொல்லியும் பேசாதீர்கள். அடுத்த வாரம் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தரப்போகிறவர் அவர்தான். மாதப் பணத்தை ஐந்தாம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். செவ்வாய், வெள்ளியில் காசு வெளியே கொடுக்க யோசிக்கிறவர்கள் உண்டு, அந்த நாட்களில் கேட்டு நிற்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு நோட்டீஸ் அடிப்பது பெரும்பாலும் வீண். யு.பி.வி.சி. ஜன்னல் மாட்டுகிறவர், பெயின்டர், இன்டீரியர் வேலைக்காரர், இந்த மூன்று பேரின் நம்பர்தான் முதலீடு. கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு கண்ணாடியெல்லாம் பெயின்ட் புள்ளியாக நிற்கும்போது வீட்டுக்காரர் இவர்களைத்தான் கேட்பார். அபார்ட்மென்ட் என்றால் சங்கச் செயலாளரிடம் பேசுங்கள், வாட்ச்மேனுக்கு முகம் தெரிந்திருக்கட்டும். கட்டடம் கட்டுகிறவரிடம் பாதி முன்பணம் வாங்காமல் வாளியை இறக்காதீர்கள். கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிவு செய்து, செய்த வேலையின் முன், பின் படங்களை உரிமையாளர் சம்மதத்தோடு போடுங்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் வீடு குடிபோவது குறைவு, அந்த வேலை மந்தமாகும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிப் பக்கம் வண்டியே நுழையாது, அந்த வாரத்து முறையை முன்னதாகவே முடித்துக் கொடுங்கள். ஆயுத பூசைக்கு முந்தின நான்கு நாட்களுக்குப் புது ஆளிடம் வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கைக் கடைகளே அந்த வாரம் இரண்டு தடவை கூப்பிடும்.