பழைய மரச்சாமானுக்குப் பெயின்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைமாறி வந்த அலமாரிக்கு வீட்டிலேயே பெயின்ட் அடித்துப் புதிதாக்குகிறோம். சில வாரங்களில் நகம் பட்ட இடமெல்லாம் பாலாடை போல உரிந்து வருகிறது. உடனே பெயின்ட் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் பெயின்ட் மீது பழியில்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும்.

எந்தப் பொருளின் மேல் அடிக்கப்போகிறோம் என்றே பலர் பார்ப்பதில்லை. கதவின் விளிம்பைக் கவனியுங்கள். மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் தனிப்பட்டை ஒட்டியிருந்தால் வெனீரோ (மெல்லியதாகச் சீவிய மரத்தாள்) மைக்காவோ (வழவழப்பான செயற்கைத் தகடு) போர்த்திய பலகை. வெனீரின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. தேய்ப்பு இயந்திரத்தை வைத்து அழுத்தினால் நொடியில் அடிப்பலகை பல்லிளிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் தண்ணீர்தான் எமன். ஒருமுறை உப்பிய விளிம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. இவை ஒருபுறமிருக்க, நல்ல தேக்கோ ஈட்டியோ பாலிஷ் குலையாமல் கிடைத்திருந்தால், தயவுசெய்து பெயின்ட் பக்கமே போகாதீர்கள். மரத்தின் நுண்துளைகளில் இறங்கிய பெயின்ட்டைப் பிறகு முழுதாக எடுப்பது பெரும்பாடு.

சாமானுக்கு அடியில் புதிதாக நுண்தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. வண்டு போட்ட துளையைப் பட்டி என்னும் பசையால் அடைத்து மூடிவிட்டால் அது போய்விடாது. முதலில் பூச்சிக்கு மருந்து, பிறகுதான் அழகு.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது அழுக்குதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது என்று நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். கைப்பிடியைச் சுற்றியும் நாற்காலியின் கைகளிலும் எத்தனையோ வருட எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதன் மேல் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும்; பிசுக்கும் மெழுகும் கீறல்களுக்குள் போய் உட்காரும். சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். முதல் இழுப்பிலேயே துணி பழுப்பாகும். அது வெள்ளையாக வரும்வரை துடைத்து, பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு நன்கு காயவிட வேண்டும். மெழுகு பூசியிருந்தால் அதற்கு டர்பன்டைன்.

சாமானை முன்பு வைத்திருந்தவர் சிலிக்கோன் கலந்த பளபளப்பு ஸ்பிரே அடித்துத் துடைத்து வந்திருந்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். பெயின்ட் அடித்த கையோடு அது வட்ட வட்டமாக விலகி, நடுவில் பழைய பரப்பு எட்டிப்பார்க்கும். அந்தக் குழிகளை நிரப்ப மேலும் மேலும் பெயின்ட் அடிப்பது வீண். ஈரம் காய்வதற்குள் துடைத்தெடுத்து, திரும்பச் சுத்தம் செய்து, அரக்கு கலந்த பிரைமரால், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சால், பரப்பை மூடிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

தேய்ப்பதிலும் இரண்டு கோடிகள் உண்டு: தேய்க்காமலே விடுவது, வெறும் மரம் தெரியும்வரை தேய்ப்பது. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் அதன் பளபளப்பு மங்கினால் போதும். 150 அல்லது 180 எண் தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எங்காவது மினுமினுத்தால் அங்கே தாள் படவில்லை. பூச்சுகளுக்கு இடையே அதைவிட நைஸான 220 எண் தாள் போதும்.

ஒரு கடுமையான விதிவிலக்கு உண்டு. மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்; அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகப் பெயின்ட்டில் அதற்குத் தடை வந்தது 1978-இல்தான். வயது தெரியாத, பெயின்ட் அடித்த சாமானைச் சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தைத் தொட்டில் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வெள்ளை அடித்த மேசையில் மறுநாள் மஞ்சள் பழுப்புக் கறை கசிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓக், மஹோகனி போன்ற மரங்களில் இருக்கும் டானின் என்ற சாயப்பொருள் தண்ணீர் பெயின்ட்டின் ஈரத்தில் கரைந்து மேலே ஏறுவதால் வருவது அது. பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசினும் இப்படி ஊறி வரும். மூன்றாவது, நான்காவது பூச்சு இதை மறைக்காது. அரக்கு பிரைமர் மறைக்கும். சந்தேகமிருந்தால் பின்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் அடித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மைக்காவுக்கு வழவழப்பான பரப்பில் பிடிக்கும் தனிப் பிரைமர் தேவை.

கையில் கிடைத்த தின்னரை ஊற்றிக் கலக்காதீர்கள். எனாமல் என்னும் எண்ணெய் பெயின்ட்டுக்கு டர்பன்டைன், தண்ணீர் பெயின்ட்டுக்குத் தண்ணீர், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்கு அதற்கான தின்னர். எனாமலுக்கு மேல் என்.சி. லாக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருண்டு எழும்.

ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்ற ஆசை இன்னொன்று. கனமாக அடித்தால் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, பரப்பு சுருங்கும். செங்குத்தான பக்கங்களில் வழியும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள். பாதி காய்ந்த இடத்தில் ஒரு கோடு தெரிகிறதே என்று மறுபடி பிரஷ்ஷை இழுத்தால் அது பத்துக் கோடாகும். விட்டுவிடுங்கள், காய்ந்தபின் தேய்த்துக்கொள்ளலாம். நேர் வெயிலிலும் மழை ஈரத்திலும் அடிக்க வேண்டாம்.

கீல்களைக் கழற்றாமல் அவற்றின் மேலேயே அடிப்பது வெறும் சோம்பல். திருப்புளி இருந்தால் போதும். இழுப்பறையின் பக்கவாட்டையும் அது ஓடும் தடத்தையும் அடிக்காமல் விடுங்கள். பூச்சின் தடிமனே அதைச் சிக்க வைத்துவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயின்ட் இறுகிவிட்டது என்று பொருளில்லை. பல பெயின்ட்டுகள் முழுதாகக் கெட்டிப்பட 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் கதவை இறுகச் சாத்தினால் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். கனமான பொருளை வைத்தால் அடித்தடம் பதியும்.

எண்ணெய் பெயின்ட்டோ ஆளிவிதை எண்ணெயோ துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூடு வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தனித்தனியாக விரித்து, வெளியில், விறைப்பாகும்வரை காயவிட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.