எலீசா ஓஷெஷ்கோவாவை வாசிக்கும் முறை

போலந்து நாவலாசிரியை எலீசா ஓஷெஷ்கோவாவை வாசிக்க விரும்புவோர் அவருடைய நூல்களைத் திறப்பதற்கு முன் 1863ஆம் ஆண்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலந்து என்றொரு நாடு அப்போது நிலப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் 1795க்குள் அதை முழுமையாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ரஷ்யாவின் பங்கில் சேர்ந்திருந்த குரோத்னோ வட்டாரத்தில், இன்று பெலாரசில் உள்ள மில்கோவ்ஷ்சிஸ்னா என்ற ஊரில், 1841இல் எலீசா பிறந்தார். பதினாறு வயதில் அவருக்குத் திருமணம் முடிந்தது. ஜார் ஆட்சிக்கு எதிராக 1863 ஜனவரியில் எழுச்சி வெடித்தபோது, அதன் தலைவர்களுள் ஒருவரான ரோமுவால்ட் டிராவுகுட்டைத் தம் வீட்டில் மறைத்துவைத்து, பின்னர் தம் குதிரைவண்டியிலேயே எல்லைவரை கொண்டுசேர்த்தார். எழுச்சி நசுக்கப்பட்டது, டிராவுகுட் 1864இல் வார்சாவில் தூக்கிலிடப்பட்டார், எலீசாவின் கணவர் நாடுகடத்தப்பட, அவருடைய பண்ணையும் பறிமுதலானது. கணவரைப் பின்தொடர்ந்து செல்லாமல் தனித்து நின்ற எலீசா, 1869இல் அந்தத் திருமணத்தைச் சட்டப்படி நீக்கிக்கொண்டு, எழுத்தையே பிழைப்பாகவும் பணியாகவும் ஏற்றார்.

அந்த எழுச்சியை வெளிப்படையாக எழுதத் தணிக்கை இடம்கொடுக்கவில்லை. ஆகவே அவருடைய தலைசிறந்த நாவலான ‘நியெமன் ஆற்றங்கரையில்’, பெயர் சொல்லக் கூடாத ஒரு நிகழ்வின்மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் படிப்பவருக்கு ஒரு காதல் கதையும் அறுவடைக் காட்சிகளும் மட்டுமே கிடைக்கும்.

இருந்தாலும் அந்த நாவலிலிருந்து தொடங்க வேண்டாம். 1873இல் வெளியான ‘மார்த்தா’வை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அது சிறியது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. கணவனை இழந்து, கையில் பணமில்லாமல், சிறு பெண்குழந்தையோடு வார்சாவில் தனித்து நிற்கும் ஓர் இளம்பெண் வேலை தேடும் கதை அது. பிரெஞ்சு கற்பித்தல், ஓவியம், தையல் என்று அவள் எதைத் தொட்டாலும், ஒன்று அவளுடைய பயிற்சி போதவில்லை, அல்லது அந்த வேலை ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, அல்லது கிடைக்கும் கூலியில் இருவர் உயிர்வாழ முடிவதில்லை. படிக்கும்போது ஒரு தாளில் அவள் தேடிய ஒவ்வொரு வேலையையும், அது கைநழுவியதன் காரணத்தையும் குறித்துவாருங்கள். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அலங்காரமாகக் கொடுக்கப்பட்ட கல்வி எவ்வளவு பெரிய வஞ்சனை என்பதை ஆசிரியை எவ்வளவு திட்டமிட்டு நிறுவுகிறார் என்பது அந்தத் தாளில் தெரியும். சில பக்கங்களில் கதையை நிறுத்தி அவர் வாதாடவும் செய்கிறார். அது கலைக்குக் குறை என்று கருதுவோர் உண்டு. அந்தக் கோபம் இல்லாமல் இந்த நூலே பிறந்திருக்காது என்பது என் கருத்து. எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் தம் கையாலேயே இதை அம்மொழிக்குக் கொண்டுசென்றார்.

அடுத்ததாக, 1888இல் நூலாக வந்த ‘நியெமன் ஆற்றங்கரையில்’ நாவலுக்கு வரலாம். இது மூன்று பாகங்கள் கொண்ட பெரிய நூல், மனிதர்களும் மிகுதி. எனவே, பண்ணைவீட்டில் வாழும் கோர்ச்சின்ஸ்கி குடும்பத்தையும், பக்கத்துச் சிற்றூரில் தம் கைகளாலேயே உழுது வாழும் பொகாத்திரோவிச் மக்களையும் இரண்டு பட்டியல்களாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கோர்ச்சின்ஸ்கி சகோதரர் மூவரில் அந்திரெய் எழுச்சியில் மடிந்தவர். தொமினிக் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே கரைந்தவர். பெனெதிக்த் மட்டும் நிலத்தை விடாமல் பற்றிக்கொண்டு, அந்தப் போராட்டத்திலேயே மனம் இறுகிப்போனவர். பண்ணைவீட்டில் அண்டி வாழும் யுஸ்தினாவை, சிற்றூர் இளைஞன் யான் ஆற்றைக் கடந்து காட்டிலுள்ள ஒரு மேட்டுக்கு அழைத்துச்செல்லும் பகுதிதான் நாவலின் இதயம். அந்த மேடு எழுச்சியில் இறந்தவர்களின் பொதுக்கல்லறை. பண்ணையார் வீட்டு அந்திரெயும் யானின் தந்தையும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். ஒருகாலத்தில் இணைந்திருந்த இரு வீடுகளும் இன்று ஏன் வழக்காடிக்கொண்டிருக்கின்றன என்ற கேள்வியோடு அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

செடிகொடி வர்ணனைகளையும் தாண்டிச் செல்லாதீர்கள். ஓஷெஷ்கோவா நியெமன் கரைச் செடிகளைத் திரட்டி உலர்த்திப் பாதுகாத்தவர். கிராமத்தார் அவற்றுக்கு வழங்கிய பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து தனிக் கட்டுரையாகவே வெளியிட்டவர். அவர் தொகுத்த உலர்செடி ஏடு ஒன்று போஸ்னான் நகரில் இன்றும் இருக்கிறது.

1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு தணிக்கை தளர்ந்ததும், அதுவரை அடக்கிவைத்ததை ‘குளோரியா விக்திஸ்’ (‘தோற்றவர்களுக்குப் புகழ்’) என்ற கதைத்தொகுப்பில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1910இல், அவர் இறந்த ஆண்டிலேயே, அது வெளிவந்தது. தலைப்புக் கதையில் காட்டு மரங்கள் காற்றிடம் பேசுகின்றன. டிராவுகுட் பெயரோடு வருகிறார். இதைப் படித்த கையோடு, முந்தைய நாவலின் கல்லறைப் பகுதியை மறுபடி எடுத்துப் படியுங்கள். அங்கே எந்த இடத்தில் வாக்கியம் பாதியில் ஒதுங்கிப்போகிறது, எந்த இடத்தில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்த்து மௌனமாகிறார்கள் என்பதெல்லாம் இப்போது துலங்கும்.

யூதச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய ‘மெயிர் எசோபோவிச்’ நாவலை (1878) இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அண்டைச் சமூகத்தை அறிய அவர் காட்டிய அக்கறை அதில் உண்மையானது. ஆயினும் பழைமையையும் சீர்திருத்தத்தையும் இருளாகவும் ஒளியாகவும் பிரித்துப் பார்க்கும் அவருடைய தலைமுறையின் நம்பிக்கை அதில் தூக்கலாகவே தெரியும். அதைக் கவனத்தில் கொண்டு படியுங்கள்.

வாழ்க்கை வரலாற்றைத் தேடுவோர், 1905இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டு, பரிசு மற்றொரு போலந்து நாவலாசிரியரான சியென்கியேவிச்சுக்குப் போன செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட, 1879இல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) அவர் தொடங்கிய பதிப்பகத்தையும் புத்தகக்கடையையும் 1882இல் ரஷ்ய அரசு மூடியதையும், அவர் குரோத்னோவிலேயே காவல்துறைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டதையும் தேடிப் படியுங்கள். ‘நியெமன் ஆற்றங்கரையில்’ அந்த ஆண்டுகளை அடுத்து எழுதப்பட்ட நூல்.