திண்ணையில் படுத்திருப்பவர் குடிக்காத நாள்

காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளின் திண்ணையில் யாராவது படுத்திருப்பது பழகிப்போன காட்சி. எங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார். ஓர் அக்டோபர் 2, டாஸ்மாக் விடுமுறை. அன்று காலை டீக்கடையில் அவரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையைக் கிளாஸோடு சேர்த்துப் பற்றி, மறுமுனையை இழுத்து இழுத்து வாய்க்குக் கொண்டுபோனார். "இன்றைக்காவது குடிக்காமல் இருக்கிறாரே" என்று நான் மகிழ்ந்தேன்.

தவறு அங்கேதான். பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பில் மது திடீரென நின்றால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியும் பிதற்றல் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஆகவே "இன்றோடு நிறுத்து" என்று மிரட்டாதீர்கள். நிறுத்த வேண்டியது மருத்துவமனையில், மாத்திரையோடும் வைட்டமின் பி1 ஊசியோடும்.

மாலையில் அவருக்கு வலிப்பு வந்தது. ஒருவர் ஓடிவந்து, செட்டிநாட்டுப் பூட்டுக்கே உரிய கனமான சாவியைக் கையில் திணித்தார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்; துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் சொல்லுங்கள்.

மூச்சில் மதுவாடை வந்தால் "போதை, தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. தலையில் அடிபட்டவரும் சர்க்கரை குறைந்தவரும் அப்படித்தான் கிடப்பார்கள். தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

குடியை மறக்கடிக்கும் மருந்தைச் சோற்றில் ரகசியமாகக் கலப்பதும் நடக்கிறது. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். அதில் டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்து, அதன்மேல் அவர் குடித்தால், வாந்தியும் மயக்கமும் வரும். ரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் நேரலாம். தெருவில் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

குடியால்தான் தெருவுக்கு வந்தார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தெருவுக்கு வந்தபின் கொசுவுக்கும் பயத்துக்கும் நடுவே தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. சிகிச்சைக்கு வழி கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

நினைவு திரும்பியதும் அவர் ஆம்புலன்ஸில் ஏற மறுத்தார். பிடிவாதம் என்று நினைத்தோம். மூட்டையை விட்டுப்போகத்தான் பயம். எதிர்வீட்டு ஆச்சி அதை வாங்கி, அவர் கண்ணெதிரே உள்ளே வைத்துப் பூட்டினார். அதன் பிறகே ஏறினார்.