ஆதாரைப் பூட்டுங்கள், நகலைக் குறையுங்கள்: வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியவை

போன மாதம் ஒரு பிரிண்ட் எடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் எனக்கு முன்னால் வந்தவர்கள் அனுப்பிய ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன: ஆதார், பான், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், மறுபடி ஆதார். ஒரு பெரியவரின் அட்டை திரையில் முழுசாக விரிந்து கிடந்தது. பிறந்த தேதி, கதவு எண், 12 இலக்கம் எல்லாவற்றையும் நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், அவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த கம்ப்யூட்டரில் எத்தனை பேருடைய அட்டை சேர்ந்து கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அரசு கண்காணிக்கிறது என்றதும் நமக்கு ஃபோன் ஒட்டுக்கேட்பும், ஃபோனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருளும்தான் ஞாபகம் வரும். அதற்கும் வருகிறேன். ஆனால் அரசு நம்மிடம் வாங்கிக்கொண்ட விரல் ரேகை, கண், முகம், எண் ஆகியவை எங்கெல்லாம் சுற்றுகின்றன என்பதில்தான் இன்றைக்கே நம் கையால் செய்யக்கூடிய வேலை இருக்கிறது.

ஏன் இன்றைக்கே என்று கேட்டால், தேதிகளைப் பாருங்கள். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் டெம்ப்ளி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. ஆதார் சட்டம் வந்தது 2016-ல், அதாவது கோடிக்கணக்கானவர்களின் ரேகையை எடுத்து முடித்த பிறகு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல், அதற்கான விதிகள் 2025 நவம்பரில். அந்தச் சட்டத்திலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பம் ஓடுகிற வேகத்துக்குச் சட்டம் பல வருஷம் பின்னால்தான் வருகிறது, அதற்குள் நாம் கொடுத்தது கொடுத்ததுதான். பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது.

சரி, முதல் வேலை பயோமெட்ரிக் லாக். மைஆதார் தளத்துக்குப் போய் ஆதார் எண்ணையும், பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியையும் போட்டு உள்ளே நுழையுங்கள். 'லாக் / அன்லாக் பயோமெட்ரிக்ஸ்' என்று இருக்கும், அதைத் தட்டி, எச்சரிக்கையைப் படித்துவிட்டு டிக் செய்தால் முடிந்தது. இனி உங்கள் ரேகையையோ கண்ணையோ முகத்தையோ வைத்து யாரும் ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியாது. ஓடிபி வழி சரிபார்ப்பு மட்டும் வழக்கம்போல நடக்கும்.

இது எதற்கு என்றால், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து ஓடிபி, பின் எதுவும் இல்லாமல் ரேகையை மட்டும் வைத்துப் பணம் எடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. ஏஇபிஎஸ் என்பார்கள். ஏடிஎம் இல்லாத கிராமங்களில் கையில் சின்ன மெஷினோடு வரும் வங்கி முகவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் ரேகையைப் பிரதியெடுத்து, அச்சு வார்த்து, அதை மெஷினில் வைத்துப் பணம் எடுத்த மோசடிகள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. நிலம் வாங்கி விற்ற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடையதை முதலில் பூட்டுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அம்மாவுடையதைப் பூட்டிவிட்டு நான் ஊருக்கு வந்துவிட்டேன், அடுத்த வாரம் ரேஷன் கடையில் மெஷின் ரேகையை ஏற்கவில்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்துப் பார்த்திருக்கிறார், பின்னால் வரிசை சத்தம் போட, அரிசி வாங்காமலே திரும்பிவிட்டார். தப்பு என்னுடையது, பூட்டினால் ரேகை வேலை செய்யாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். இப்போது கடைக்குக் கிளம்பும்போது கூப்பிடுவார். வரிசையில் அவர் முறை வருகிற நேரம் பார்த்துத் தற்காலிகமாகத் திறந்துவிடுவேன், 10 நிமிடத்தில் அதுவே மறுபடி பூட்டிக்கொள்ளும். பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்கும்போதும் இதேதான். பதிவு செய்த மொபைல் எண் பழையதாக இருந்தால் இதில் எதுவும் நடக்காது, ஆகவே அதை முதலில் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நகல். லாட்ஜ், வாடகை வீடு, கூரியர், எங்கே போனாலும் ஆதார் கேட்கிறார்கள். அதே தளத்தில் டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்ட் ஆதார்' வேண்டுமா என்று ஒரு சின்ன கட்டம் வரும். அதை டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிடிஎஃப் கிடைக்கும். ஃபோனில் அதை மட்டும் வைத்துக்கொண்டு, முழு அட்டையின் படத்தை கேலரியிலிருந்து அழித்துவிடுங்கள். அப்புறம், அந்த பிடிஎஃபின் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம் என்பதால் அதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம். 2022 மே மாதம் நகல் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகமே அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அந்த முதல் அறிவிப்புதான் சரியாகப் படுகிறது.

சரிபார்ப்புக்கு எண்ணே வேண்டும் என்றால் ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க 16 இலக்க விஐடி (விர்ச்சுவல் ஐடி) இருக்கிறது, அதே தளத்தில் எடுக்கலாம். அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, வேண்டும்போது புதிதாக எடுத்தால் பழையது செல்லாது. சிம் வாங்க, வங்கிக் கணக்கு தொடங்க ஆதார்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ரத்து செய்துவிட்டது என்று சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எதையும் நீட்டலாம். நேரம் ஆகும், முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள்.

மாதம் ஒரு முறை அதே தளத்தில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' பாருங்கள். கடைசி 6 மாதத்தில் உங்கள் ஆதாரை யார், எப்போது சரிபார்த்தார்கள், ரேகையா ஓடிபியா என்று தேதியோடு வரும். தெரியாத வரி ஒன்று இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குக் கூப்பிடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள், உங்களுடையது இல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். அதற்குத் தளமே போதும். 2025 நவம்பரில் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது ஃபோனிலும் முன்கூட்டியே போட வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் கைவிட்டது. எதிர்த்துப் பேசினால் நடக்கிறது என்பதற்காக அதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஆதாரில் முகத்தைப் பூட்டலாம், ஆனால் தெருவில் முகத்துக்குப் பூட்டே இல்லை, நடந்தால் கேமராவில் விழத்தான் செய்யும். தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2024-ல் அதன் போர்ட்டலுக்குள் ஒரு அட்மின் கணக்கு வழியாக வெளியாட்கள் புகுந்ததைக் காவல்துறையே சொன்னது. இங்கே நாம் செய்யக்கூடியது இரண்டு. விமான நிலையத்தில் முகத்தை வைத்து உள்ளே விடும் டிஜி யாத்ரா கட்டாயமில்லை, 'இங்கே முகத்தைக் காட்டுங்கள்' என்று ஊழியர் கை நீட்டினாலும் அட்டையையும் டிக்கெட்டையும் காட்டிச் சாதாரண வரிசையில் போங்கள். இரண்டாவது, உங்கள் தெருவில் மாநகராட்சியோ நகராட்சியோ கேமரா வைத்தால், பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், முக அடையாளம் உண்டா என்று மூன்றே கேள்வி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்புங்கள்.

ஒட்டுக்கேட்பைப் பொறுத்தவரை, உங்கள் ஃபோனில் எந்த ஆப் போட்டாலும் சாதாரண அழைப்பை அரசு டெலிகாம் கம்பெனி வழியாகக் கேட்பதைத் தடுக்க முடியாது. சிக்னல், வாட்ஸ்அப் போன்ற ஆப்களின் அழைப்புகளை அப்படி நடுவில் கேட்க முடியாது, ஆனால் பெகாசஸ் மாதிரி ஒன்று ஃபோனுக்குள்ளேயே இறங்கிவிட்டால் அதுவும் போச்சு. ஃபோனுக்கு வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் அன்றே போடுவதும், வாரம் ஒரு முறையாவது ஆஃப் செய்து ஆன் செய்வதும் ஓரளவு உதவும். சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ரகசியமாக ஒட்டுக்கேட்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்து, 2011-ல் பிறப்பித்த உத்தரவு ஒன்றை ரத்து செய்தது. அந்த உத்தரவு ரத்தாக 14 வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம் அந்த ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் கையில் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். "அண்ணே, அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்லி, வாட்ஸ்அப்பில், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், ரீசைக்கிள் பின்னில் என்று மூன்று இடத்திலும் அழிவதைக் கண்ணால் பாருங்கள். நான் கேட்டபோது அவர் என்னுடையதோடு அந்தப் பெரியவருடையதையும் சேர்த்தே அழித்தார்.