ஒற்றை லென்ஸ் கையடக்கக் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லென்ஸைக் கழற்ற முடியாத, ஸூம் வசதியும் இல்லாத கையடக்கக் கேமராவை ஆசையோடு வாங்கும் பலர், சில வாரங்களிலேயே அதை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறார்கள். வேறு வகைக் கேமரா செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்த்து ஏமாந்ததே பெரும்பாலும் அதற்குக் காரணம். 2011இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை 35 மி.மீ.க்கு இணையான பார்வையைத் தருகிறது; இந்த எண் சிறிதாகச் சிறிதாகப் பார்வை அகலும். 2019இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 தருவது 28 மி.மீ.; 2021இல் வந்த அதன் உடன்பிறப்பான ஜி.ஆர். 3எக்ஸ் தருவது 40 மி.மீ. ஒரே பார்வைக் கோணத்தோடு வாழ்வது புதிய பழக்கமும் இல்லை. 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான முதல் லைக்கா, கழற்ற முடியாத 50 மி.மீ. லென்ஸுடன்தான் வந்தது.

முதல் தவறு, அந்த ஒரு கோணத்தைக் கண் பழகுவதற்கு முன்பே, படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்புவது. 28 மி.மீ. பார்வையில் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் எஞ்சுவது ஏறக்குறைய 7.5 மெகாபிக்சல் மட்டுமே. எப்போதாவது ஒரு முறை வெட்டுவதில் குற்றமில்லை, ஆனால் எல்லாப் படத்தையும் வெட்டுகிறவர் தமக்குப் பொருந்தாத கோணத்தை வாங்கியிருக்கிறார், அல்லது நிற்க வேண்டிய இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கோணத்தைப் பழக எளிய கணக்கு ஒன்று உண்டு. 35 மி.மீ. பார்வையில் கேமராவைக் கிடையாகப் பிடித்தால், சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் உங்களுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம் படத்தில் விழும். 28 மி.மீ. பார்வையில் அது தூரத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல்; 40 மி.மீ. பார்வையில் பத்தில் ஒன்பது பங்கு. கேமராவை உயர்த்துவதற்கு முன்பே சட்டகத்தின் ஓரங்கள் எங்கே விழும் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, பிறகு திரையில் சரிபார்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால், கேமராவை எடுக்கும் முன்பே கால்கள் சரியான இடத்துக்குப் போய் நிற்பதைக் காண்பீர்கள். இந்த வகைக் கேமரா தரும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு அந்த நொடியில்தான் இருக்கிறது.

ஸூம் இல்லாவிட்டால் நடந்து போனால் போதும் என்று சொல்வதுண்டு. அது பாதி மட்டுமே உண்மை. நான்கு மீட்டரில் நிற்கும் மரத்தை இரண்டு மீட்டருக்கு நெருங்கினால் மரம் இருமடங்கு பெரிதாகிவிடும், ஆனால் அதன் பின்னால் உள்ள மலை அதே அளவில்தான் இருக்கும். ஆகவே நகரும்போது பொருள்களின் ஒப்பளவும் மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது. முகங்களை எடுக்கும்போது இதுவே பெரிய சிக்கலாகிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொள்வோம். 40 செ.மீ. தூரத்தில் கேமராவை நீட்டினால் காது 52 செ.மீ. தொலைவில் இருக்கும், அதனால் மூக்கு காதைவிட 30 விழுக்காடு பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டரில் நின்றால் அந்த வேறுபாடு 6 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. குறையை லென்ஸின் மீது சுமத்தாமல் ஓரிரு அடி பின்வாங்கி, அவர் இருக்கும் இடத்தையும் கைகளையும் சேர்த்து எடுங்கள். அகன்ற பார்வை அதற்குத்தான் பொருத்தமானது.

பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை எப்போதும் முழுமையாகத் திறந்தே வைப்பது அடுத்த தவறு. எக்ஸ்100 வரிசையின் பழைய லென்ஸ், மிக அருகில் உள்ள பொருளை எஃப் 2இல் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எடுத்தால் மென்மையாகப் பதிவுசெய்யும். 2020இல் வந்த எக்ஸ்100வி மாதிரியில்தான் லென்ஸையே மாற்றி வடிவமைத்தார்கள். அதைவிட முக்கியமான இழப்பு வேறு. அபர்ச்சர் திறந்திருந்தால் தெளிவாகப் பதியும் ஆழம் குறுகிவிடும், ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் துல்லியமாக விழ வேண்டும். அன்றாடக் காட்சிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகின்றன. தானியங்கி ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு முடிந்துவிடும். இதற்கு மாற்றாக, தூரத்தை முன்கூட்டியே நிலைநிறுத்திக்கொள்ளலாம். ஜி.ஆர். 3இல் எஃப் 8 வைத்து, ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்தினால், ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கித் தொடுவானம் வரை எல்லாமே போதிய தெளிவோடு பதியும். அந்தக் கேமராவில் இதற்கென்றே ஸ்னாப் ஃபோகஸ் என்னும் வசதி இருக்கிறது. பிற கேமராக்களில் கையால் ஃபோகஸ் செய்து அதே நிலையை அமைத்துக்கொள்ளலாம். ஒரு முறை இதைப் பழகியவர், வெளியே போகும்போது பழைய முறைக்குத் திரும்ப எளிதில் விரும்பமாட்டார்.

ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டுவிட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் கவனிக்காமல் இருப்பதும் பரவலாகக் காணப்படும் பிழை. அகன்ற லென்ஸுக்கு மெதுவான வேகமே போதும் என்று கேமரா கணக்கிடுகிறது. கை நடுக்கத்தைப் பொறுத்தவரை அது சரிதான், நடந்துவரும் மனிதரைப் பொறுத்தவரை சரியில்லை. உள்ளிருக்கும் அதிர்வுத் தடுப்பும் உங்கள் கையைத்தான் நிலைப்படுத்தும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. குறைந்தபட்ச வேகத்தை 1/250 வினாடி என்று வைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. ஏறுவதால் வரும் சற்றுக் கூடுதலான இரைச்சல் புள்ளிகளோடு தெளிவாக இருக்கும் படத்தை வைத்துக்கொள்ள மனம் வரும். அசைந்து கலங்கிய படத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

கடும் வெயிலில் நேர் எதிரான சிக்கல் எழும்: ஒளி மிகுந்து படம் வெளிறிவிடும். தொடக்கக்கால எக்ஸ்100 மாதிரிகளில், அபர்ச்சரை எஃப் 2இல் திறந்து வைத்தால் இயந்திர ஷட்டர் 1/1000க்கு மேல் போகாது. அதற்காகவே ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டியை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டு, நிழலுக்குள் வந்த பிறகு அணைக்க மறந்தால், காரணம் தெரியாமலேயே ஐ.எஸ்.ஓ. உச்சத்துக்கு ஏறிவிடும். வடிகட்டிக்குப் பதிலாக மின்னணு ஷட்டரை நாடுபவர்கள், எல்.இ.டி. விளக்கொளியில் பட்டைகள் விழக்கூடும் என்பதையும், விரைந்து செல்லும் வண்டிகள் சாய்ந்து தெரியலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, நான் மிகவும் வருந்திக் கற்ற பாடம். லென்ஸ் கழற்ற முடியாதது என்பதால் உள்ளே தூசி நுழையாது என்று நம்பி, கைக்குட்டையும் சாவியும் கிடக்கும் சட்டைப்பையிலேயே என் கேமராவை ஓராண்டுக்கு மேல் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் வானத்தை எடுத்த படங்கள் அனைத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி விழுந்திருந்தது. உள்ளிழுத்து வெளிநீளும் லென்ஸ், ஒவ்வொரு முறையும் காற்றோடு நூல்பிசிறையும் உள்ளே கொண்டுபோகக்கூடும். லென்ஸ் மாற்றும் கேமராவாக இருந்தால் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரைக் காற்றூதியால் நாமே ஊதிச் சுத்தம்செய்துவிடலாம். இதிலோ கேமராவையே பிரித்தாக வேண்டும், அதை வீட்டில் முயல்வது அறிவுடைமை ஆகாது. கேமராவுக்கென்று ஒரு பையை ஒதுக்குங்கள். மெல்லிய உறை ஒன்றையும் போட்டு வையுங்கள். அவ்வப்போது அபர்ச்சரை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பார்த்தால் தூசி உடனே தெரிந்துவிடும். பயன்படுத்திய கேமராவை வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தை எடுக்கவே கூடாது. மழையும் அப்படியே. ஜி.ஆர். 3இல் நீர்க்காப்பு இல்லை. எக்ஸ்100வியிலும் அதற்கடுத்த மாதிரியிலும் லென்ஸின் முன்னால் வளையமும் வடிகட்டியும் பொருத்திய பிறகே காப்பு முழுமை பெறுகிறது.

மின்கலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.ஆர். 3 ஒரு மின்னேற்றத்தில் ஏறக்குறைய 200 படங்கள்தான் எடுக்கும் என்பதால், கூடுதல் மின்கலம் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

துணைக்கருவிகளில்தான் எச்சரிக்கை வேண்டும். கூடுதல் பிடிமானம், பார்வையை அகலமாக்கும் மாற்று லென்ஸ், பெரிய தோல் உறை என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், பையில் அடங்குவதற்காக வாங்கிய கேமரா ஒருநாள் பையில் அடங்காமல் போய்விடும். பிறகு வீட்டிலேயே தங்கிவிடும். மணிக்கட்டுப் பட்டை ஒன்று போதும் என்பது என் அனுபவம். துணைக்கருவிகளுக்குச் செலவிடும் நேரத்தை அமைப்புகளுக்குக் கொடுங்கள்: மேலே சொன்ன எஃப் 8, 2.5 மீட்டர், 1/250 என்னும் பகல்நேர அமைப்பைக் கேமராவின் தனிப்பயன் நினைவகம் ஒன்றில் சேமித்துவையுங்கள். அகன்ற அபர்ச்சரும் தானியங்கி ஃபோகஸும் கொண்ட உள்ளரங்க அமைப்பை இன்னொன்றில் வையுங்கள். வாசலைத் தாண்டும்போது எது தேவையோ அதைத் தேர்ந்துகொண்டு, கேமராவை அணைக்காமல் கையிலேயே பிடித்தபடி நடங்கள்.