பட்டப்படிப்பு கட்டுப்படியாகுமா? சேருவதற்கு முன் கணக்குப் போடும் விதம்

கல்லூரியில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது கட்டண விவரத்தை. ஆனால் செலவில் பெரும்பங்கு அதில் இருக்கவே இருக்காது. படிக்கும் வருடங்களில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம்தான் அது. யாரும் அதற்கு ரசீது தருவதில்லை, அதனால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் இப்போதே வேலைக்குப் போனால் வருடத்துக்குக் கையில் வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி, நமக்கு வேண்டியது விகிதம்தான். நான்கு வருடப் படிப்பு, உதவித்தொகை போக வருடக் கட்டணம் 60, பகுதிநேர வேலையில் வருவது 20. அப்படியென்றால் ஒரு வருடம் படிக்க ஆகும் உண்மையான செலவு 60-உம், இழக்கும் சம்பளம் 80-உம் சேர்ந்து 140. நான்கு வருடத்துக்கு 560. கட்டணத்தை மட்டும் பார்த்தவர் 240 என்று நினைத்துக்கொண்டிருப்பார். சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டாதீர்கள், படிக்காவிட்டாலும் சாப்பிடத்தானே வேண்டும்? படிப்புக்காகக் கூடுதலாக ஆவதை மட்டும் சேர்த்தால் போதும்.

இனி வரவு. பட்டம் வாங்கியபின் 140 கிடைக்கும் என்றால் கூடுதல் வருமானம் வருடத்துக்கு 40. 560-ஐ 40-ஆல் வகுத்தால் 14 வருடம். பரவாயில்லையே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், இன்றைய பணமும் பத்து வருடம் கழித்து வரும் பணமும் ஒன்றல்ல, வட்டி இருக்கிறது. 5 சதவீத வட்டி வைத்துப் பார்த்தால் அந்த 14 வருடம் ஏறக்குறைய 25 வருடமாகிவிடும். வட்டி 7 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினால் போட்ட பணம் திரும்பி வரவே வராது. 560-க்கு ஆகும் வருட வட்டியே 40-ஐத் தாண்டிவிடுமே! சம்பளம் வருடாவருடம் வேகமாக ஏறும் துறை என்றால் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும், உண்மைதான், ஆனால் அந்த ஏற்றத்தை நீங்களே ஊகித்துப் போட்டுக்கொண்டு கணக்கை இனிப்பாக்கிவிடக் கூடாது.

சரி, அந்த 140 எங்கிருந்து வந்தது? பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கல்லூரிகள் விளம்பரத்தில் போடுவது சராசரிச் சம்பளத்தை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 90, ஒருவருக்கு மட்டும் 700 என்றால் சராசரி 151 வந்துவிடும். வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதோ 90, அதாவது படிக்காமலே கிடைத்திருக்கக்கூடிய 100-ஐவிடக் குறைவு! அதனால் நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு, கடைசிக் கால்பங்கில் இருப்பவர்களுக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை பேரிடம் கேட்டு இந்த எண்ணை எடுத்தார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பெயர்பெற்ற கல்லூரிக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அங்கே சேர்பவர்கள் எங்கே படித்திருந்தாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்களோ? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு இடத்துக்குப் போனவர்களின் சம்பளம், அங்கேயே சேர்ந்தவர்களின் சம்பளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் கல்லூரியின் தரம் வித்தியாசத்தை உண்டாக்கியது. ஆக, பெயருக்குக் காசு கொடுப்பது யாருக்குப் பலன் தருமோ அவர்களுக்குத்தான் அந்தக் காசைப் புரட்டுவதும் கஷ்டம்.

அப்புறம், முடிப்பீர்களா? கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேட்டாக வேண்டும். பாதியில் விட்டவருக்குப் பாதிப் பலன்கூடப் பல நேரம் கிடைப்பதில்லை, ஏனென்றால் சம்பள உயர்வில் நல்ல பங்கு கையில் இருக்கும் சான்றிதழுக்குத்தான். இவர் இதை முடிக்கக்கூடியவர் என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளமாகவும் பட்டம் வேலை செய்கிறது என்று மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-லேயே விளக்கினார். நீங்கள் பார்க்கும் படிப்பில் 100 பேரில் 70 பேர்தான் முடிக்கிறார்கள் என்றால், 40-ஐ 28 என்று குறைத்துப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத வட்டியில் அந்த 28 முழுவதும் வட்டிக்கே போய்விடுகிறது. பாதியில் விட்டவருக்கு மீதிச் செலவு மிச்சமாவதால் இது கொஞ்சம் கறாரான கணக்குதான். இருக்கட்டும்.

கடன் வாங்குவதாக இருந்தால், படிக்கும்போதே வட்டி ஏறுமா என்று முதலில் கேளுங்கள். 10 சதவீதக் கூட்டுவட்டியில் முதல் வருடம் வாங்கிய 100, முதல் தவணை கட்டும் முன்பே 146 ஆகியிருக்கும். தவணையை ஒப்பிட வேண்டியது முதல் வேலையின் சம்பளத்தோடு, பத்து வருடம் கழித்து வரப்போகும் சம்பளத்தோடு அல்ல. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் திருப்பிக் கட்டும் முறையை ஆஸ்திரேலியா 1989-ல் கொண்டுவந்தது. அந்த மாதிரிக் கடன் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். உதவித்தொகை முதல் வருடத்துக்கு மட்டுமா, கடைசிவரைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலை கிடைக்காத காலத்தில் இந்தக் கணக்கே மாறிவிடும். இழக்கும் சம்பளம் 80 என்று போட்ட இடத்தில் 20 வந்தால் படிப்பு திடீரென்று மலிவாகிவிடுகிறது. பொருளாதார மந்தத்தின்போது பலரும் கல்லூரிப் பக்கம் போவது இதனால்தான்.

ஏற்கெனவே சேர்ந்து இரண்டு வருடம் ஓடிவிட்டவர்கள் 560-ஐ மறந்துவிடலாம். கட்டியது கட்டியதுதான், அது திரும்பாது. இனி ஆகப்போகும் 280-ஐ மட்டும் எடுத்து 40-ஆல் வகுங்கள், 7 வருடம்தான் வரும். சேர்ந்ததே தப்பு என்று தெரிந்த பிறகும் முடித்துவிடுவது சரியாக இருக்கலாம். ஆனால் முடித்தாலும் அந்த 40 கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், இந்த வருடக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள்.